கல்லில் ஒரு மெய்க்கீர்த்தி: பாரிஸின் போர்ட் டோரே மாளிகையை வாசித்தல்

உலகக் கண்காட்சிகளுக்காகக் கட்டப்படும் கட்டடங்களுக்கு ஆயுள் குறைவு. ஆறு மாதம் நிற்க வேண்டும், வருகிற சனத்தை வாயைப் பிளக்க வைக்க வேண்டும், பிறகு கழற்றி விற்றுவிட வேண்டும். அதுதான் அவற்றின் கணக்கு. 1889ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக எழுந்த ஐஃபல் கோபுரத்துக்கே முதலில் இருபது வருட அனுமதிதான் இருந்தது. அது தப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அதே பாரிஸ் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், வென்சென் காடு தொடங்குகிற இடத்தில், இன்னொரு கண்காட்சிக் கட்டடம் நிற்கிறது. பாரிஸுக்குப் போகிற நம்மவர்களில் அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

போர்ட் டோரே மாளிகை என்று இன்று அதற்குப் பெயர். 1931ஆம் ஆண்டு பிரான்ஸ் நடத்திய சர்வதேசக் குடியேற்ற நாட்டுக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. நான் கட்டடக்கலை படித்தவள் அல்ல; தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறவள். ஆகவே எனக்குத் தெரிந்த முறையில், ஒரு பிரதியை வாசிப்பது போலத்தான் இதை வாசிக்கப் போகிறேன். அப்படி வாசிக்க இந்தக் கட்டடம் தாராளமாக இடம் தருகிறது. சுவர் முழுக்க உருவங்களும் எழுத்துகளும்தான். வெளிச்சுவர் ஒரு கதை சொல்கிறது, உள்மண்டபம் வேறொரு கதை சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், கட்டியவர்கள் எழுத நினைக்காத மூன்றாவது கதையொன்று வெளிவருகிறது. ஆளப்பட்டவர்களின் பிள்ளைகளான நமக்கு அந்த மூன்றாவது கதைதான் முக்கியம்.

சாந்தில் கட்டியதும் கல்லில் கட்டியதும்

கண்காட்சி 1931 மே 6ஆம் திகதி தொடங்கி நவம்பர் 15 வரை நடந்தது. சுமார் 110 ஹெக்டயர் நிலம். 3 கோடி 30 இலட்சம் நுழைவுச் சீட்டுகள் விற்பனையானதாகக் கணக்கு. ஒருவரே பல சீட்டு எடுத்துப் பல தடவை வந்ததால், ஆட்கள் என்று பார்த்தால் 80 இலட்சம் அளவில் இருக்கும் என்கிறார்கள். சனம் வந்து போவதற்காக மெட்ரோ ரயிலின் 8ஆம் இலக்கப் பாதையை அந்தப் பக்கம் நீட்டினார்கள். ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வரலாம் என்பதுதான் விளம்பரம்.

அந்த உலகத்துக்குள் என்னென்ன இருந்தன? கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலின் நடுப்பகுதியை அப்படியே வானுயரக் கட்டியிருந்தார்கள். மேற்கு ஆபிரிக்காவுக்கு, ஜென்னே நகரத்து மண் பள்ளிவாசலின் சாயலில் ஒரு பெரிய மண்டபம். மொரோக்கோவுக்கு அரண்மனை, டியூனிசியாவுக்குக் கடைத்தெரு. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. தமிழ் பேசுகிற முஸ்லிம்களும் வாழ்கிற காரைக்கால் அன்று இந்தச் சாம்ராச்சியத்தின் ஒரு மூலை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இவற்றில் பெரும்பாலானவை மரச்சட்டமும் சாந்தும்தான். நவம்பர் முடிந்ததும் உடைத்துவிட்டார்கள். கமரூன், டோகோ நாடுகளின் மர மண்டபங்கள் தற்செயலாகத் தப்பின. அவை 1977இலிருந்து பௌத்த வழிபாட்டிடமாக இருக்கின்றன. தொடக்கத்திலேயே நிரந்தரமாக நிற்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டப்பட்டது குடியேற்ற நாட்டு நூதனசாலை. அதுதான் இன்றைய போர்ட் டோரே மாளிகை. 1928இல் அடிக்கல் நாட்டினார்கள்; கண்காட்சி திறக்கும்போது தயாராக இருந்தது.

இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆளப்பட்டவர்களின் கோயிலும் பள்ளிவாசலும் அரண்மனையும் சாந்தில் வந்தன, ஆறு மாதத்தில் போயின. ஆண்டவர்களின் கட்டடம் கல்லில் வந்தது, தொண்ணூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. எது வேடிக்கை, எது வரலாறு என்ற தீர்ப்பைக் கட்டடப் பொருளே சொல்லிவிட்டது.

பிரான்ஸ் மட்டும் அங்கே இருக்கவில்லை. பெல்ஜியம், போர்த்துக்கல், ஒல்லாந்து, இத்தாலி எல்லோரும் வந்திருந்தார்கள். இத்தாலி கட்டிய மண்டபம் லிபியாவில் உள்ள லெப்டிஸ் மக்னா என்ற பழைய ரோம நகரத்து மண்டபமொன்றின் பிரதி. லிபியா பழைய காலத்திலிருந்தே ரோமுக்குரியது என்று சொல்வதற்கு இதைவிட நாசூக்கான வழி இல்லை. கண்காட்சி நடந்துகொண்டிருந்த 1931 செப்டெம்பர் 16ஆம் திகதிதான் அதே இத்தாலி லிபியாவில் உமர் முக்தாரைத் தூக்கிலிட்டது. எழுபது வயது தாண்டிய அந்தக் குர்ஆன் ஆசிரியரின் கதையை நம்மில் பலர் திரைப்படமாகப் பார்த்திருக்கிறோம். அந்த நாளிலும் வென்சென் காட்டில் சனம் சீட்டு எடுத்துக்கொண்டு ‘லிபியா’வைச் சுற்றிப் பார்த்திருக்கும்.

கட்டியவர்கள்

கண்காட்சியின் ஆணையாளர் மார்ஷல் லியோத்தே. 1912 முதல் 1925 வரை மொரோக்கோவில் பிரான்சின் வதிவிட ஆளுநராக இருந்தவர். மாளிகையின் பிரதான கட்டடக் கலைஞர் அல்பேர் லப்ராட், அதே லியோத்தேயின் கீழ் மொரோக்கோவில் வேலை செய்தவர். காசாபிளாங்காவில் முஸ்லிம்களுக்கென்று புதிதாகக் கட்டிய ஹபூஸ் குடியிருப்பின் ஆரம்ப வரைபடங்கள் லப்ராட்டுடையவை.

லியோத்தேயை ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் போவது இலகு. ஆனால் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. அவர் மொரோக்கோவின் பழைய நகரங்களை இடிக்க விடவில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழையக் கூடாது என்று கட்டளையிட்டவரும் அவர்தான். நம்முடைய கலையில் அவருக்கு மெய்யான ஈடுபாடு இருந்தது. ஆனால் பழைய நகரத்தைத் தொடாமல் வைத்துவிட்டு அதற்கு வெளியே ஐரோப்பியருக்குப் புது நகரம் கட்டினார். அகலமான வீதி, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் அங்கே போயின. பழைய நகரம் அழகாகவும் நெரிசலாகவும் அப்படியே கிடந்தது. ஜனெட் அபூலுகொத் 1980இல் வெளியிட்ட ரபாத் பற்றிய ஆய்வு நூலுக்கு வைத்த தலைப்பிலேயே இதை நகர இனஒதுக்கல் என்று அழைத்தார்.

ஒருவருடைய கலையை நேசிப்பதும் அவரை ஆள்வதும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும். இந்த மாளிகையை விளங்க இது அவசியம். வெறுப்பில் கட்டிய கட்டடமல்ல இது. ஒருவகை ஆசையோடும் மதிப்போடும் கட்டியது. அதனால்தான் இதை வாசிப்பது சிரமம்.

வெளிச்சுவர்

வீதியிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது உயர்ந்த மெல்லிய தூண் வரிசை. அந்தத் தூண்களுக்குப் பின்னால், கூரையின் நிழலுக்குள், சுவர் முழுக்க ஒரு கற்சிற்பத் திரை விரிந்திருக்கிறது. ஏறக்குறைய 1,130 சதுர மீற்றர். செதுக்கியவர் அல்பிரெட் ஜனியோ. உதவியாளர்களோடு சேர்ந்து இரண்டு வருடமளவில் முடித்தார். புடைப்பு அதிகமில்லாத சிற்பம். நெய்த துணியைக் கல்லில் விரித்தது போல இருக்கும். தூண்களின் நிழல் வெயிலோடு நகர்கிறபோது உருவங்களும் கொஞ்சம் அசைகிற மாதிரித் தோன்றும்.

வாசலுக்கு மேலே செழிப்பைக் குறிக்கிற பெண்ணுருவம். அதைச் சுற்றி மார்செய், போர்தோ முதலான பிரெஞ்சுத் துறைமுகங்களின் பெயர்கள். இடதுபக்கம் ஆபிரிக்கா, வலதுபக்கம் ஆசியா, ஓரங்களில் அமெரிக்கத் தீவுகளும் ஓசியானியாவும். மனிதர்கள் அறுக்கிறார்கள், பறிக்கிறார்கள், சுமக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், மரம் தறிக்கிறார்கள். யானையும் மாடும் பாம்பும் இலையும் இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள்: இன்ன நாடு, இன்ன பொருள். இறப்பர், அரிசி, பருத்தி என்று ஒரு பெரிய கடையின் இருப்புப் பட்டியல். எல்லாப் பொருளும் நடுவாசலை நோக்கி, துறைமுகப் பெயர்களை நோக்கிப் போகின்றன.

இரண்டு வருடத்துக்கு முன்னர் பாரிஸில் இருக்கிற தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய மகளைக் கூட்டிக்கொண்டுதான் இதைப் பார்க்கப் போனேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எழுத்துகளை அவள்தான் வாசித்துச் சொன்னாள். பதினாறு வயது, அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அரைமணித்தியாலம் வாசித்துவிட்டுக் கேட்டாள்: “மாமி, இந்தாக்கள் ஒருத்தருக்கும் பேர் இல்லையே, சாமானுக்கு மட்டுந்தானே பேர் போட்டிருக்கு?”

எந்த விமரிசகரும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். சுவரில் நூற்றுக்கணக்கான மனித உடல்கள். ஒவ்வொன்றும் கவனமாக, தசை தசையாகச் செதுக்கியது. ஆனால் பெயர் இருப்பது ஊருக்கும் சரக்குக்கும் துறைமுகத்துக்கும்தான். இன்னொன்றையும் கவனித்தேன். வேலை வாங்குகிறவன், அதாவது கங்காணியோ தோட்டத் துரையோ சிப்பாயோ, நான் பார்த்த அளவில் அந்தச் சுவரில் இல்லை. எல்லோரும் தாங்களாகவே விரும்பி, ஒருவித நடன அசைவோடு வேலை செய்கிறார்கள். களைத்தவர் இல்லை, காயப்பட்டவர் இல்லை. அந்தச் சிற்பம் செதுக்கப்பட்ட அதே வருடங்களில் பிரெஞ்சுக் கொங்கோவில் கொங்கோ-சமுத்திர ரயில் பாதையைக் கட்டாய உழைப்பால் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1921இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்தப் பாதையில் பல்லாயிரம் ஆபிரிக்கத் தொழிலாளர் இறந்தார்கள். வழமையாகச் சொல்லப்படும் கணக்கே 17,000. இது இரகசியமாகவும் இருக்கவில்லை. ஆந்த்ரே ஜீத் 1927இலும் அல்பேர் லோந்ர் 1929இலும் நேரில் கண்டதைப் புத்தகமாக எழுதியிருந்தார்கள். பாரிஸ் வாசகர்களுக்குத் தெரிந்திருந்த செய்திதான். சுவருக்கு மட்டும் தெரியவில்லை.

பக்கச்சுவரின் பெயர்ப் பட்டியல்

பெயரே இல்லாத சுவர் என்று சொல்ல முடியாது. மேற்குப் பக்கச்சுவருக்குப் போனால் நீண்ட பெயர்ப் பட்டியலொன்று இருக்கிறது. பிரான்சின் மேதைமையைக் கடல்கடந்து பரப்பி, அதன் பெயரை நேசிக்க வைத்த புதல்வர்களுக்கு நாட்டின் நன்றி என்ற கருத்தில் ஒரு முகப்பு வாசகம். அதன் கீழே தளபதிகள், ஆளுநர்கள், கடலோடிகள், பாதிரிமார்.

அந்தப் பட்டியல் தொடங்குகிற பெயர் கொட்பிரே டி பூயோன். 1099இல் ஜெரூஸலத்தைப் பிடித்த முதலாம் சிலுவைப் போரின் தலைவர்களில் ஒருவர். இருபதாம் நூற்றாண்டில், குடியரசு என்று தன்னை அழைக்கிற, மதத்தையும் அரசையும் சட்டத்தால் பிரித்துவைத்த ஒரு நாடு, தன் குடியேற்ற வரலாற்றின் முதல் அத்தியாயமாகச் சிலுவைப் போரைக் கல்லில் வெட்டி வைத்தது. முஸ்லிம் வாசகர் இதைப் பார்த்துக் கோபப்படுவது இயல்பு. ஆனால் கோபத்தைவிட நமக்குப் பயன்படுவது இதிலுள்ள ஒப்புதல். நாகரிகம் கற்பிக்கப் போனோம் என்று உள்ளே சொல்கிற கட்டடம், எங்கிருந்து தொடங்கினோம் என்பதை வெளியே தானாகவே சொல்லிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வகை எழுத்து புதிதல்ல. இது மெய்க்கீர்த்தி. அரசன் வென்ற நாடுகளை அடுக்கடுக்காகச் சொல்லிப் புகழ்கிற கல்வெட்டின் முகப்பு. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் ஈழமும் வெல்லப்பட்ட நாடுகளில் ஒன்று. பல்கலைக்கழகத்தில் அதை நாங்கள் இரண்டு விதமாகப் படித்தோம். நடையின் கம்பீரத்தை இரசித்தோம்; அதே நேரம், வெல்லப்பட்ட தீவிலிருந்து வாசிக்கிறோம் என்பதையும் மறக்கவில்லை. மெய்க்கீர்த்தியை அப்படியே நம்புகிற வரலாற்றாசிரியர் இல்லை. அதைத் தூக்கி எறிகிற வரலாற்றாசிரியரும் இல்லை. புகழ்கிறவன் எதை ஒளிக்கிறான், எதைத் தெரியாமல் சொல்லிவிடுகிறான் என்று பார்த்து வாசிப்பதுதான் நாம் கற்ற முறை. பாரிஸ் சுவருக்கும் அது பொருந்துகிறது.

உள்மண்டபம்

வாசலைத் தாண்டி உள்ளே போனால் நடுவில் பெரிய விழா மண்டபம். படிப்படியாக உயர்ந்து போகிற கூரை, அதற்குள்ளால் இறங்குகிற வெளிச்சம். சுவர்களில் பியர்-ஹென்றி டுக்கோஸ் டி லா ஹேய் வரைந்த ஈரச்சாந்து ஓவியங்கள். வெளியே கல்லின் ஒரே நிறம் என்றால் உள்ளே முழு வர்ணம்.

இங்கே கதை தலைகீழ். நடுச்சுவரில் பிரான்ஸ் ஒரு பெண்ணாக நிற்கிறாள், கையில் புறா. கண்டங்கள் எல்லாம் பெண்ணுருவங்களாக அவளைச் சுற்றி வருகின்றன. மற்றச் சுவர்களில் சமாதானம், நீதி, சுதந்திரம், விஞ்ஞானம், கலை, வணிகம், தொழில் என்று பிரான்ஸ் உலகத்துக்குக் கொடுத்தவை. வெளிச்சுவரில் காணாமல் போன வெள்ளைக்காரர் இங்கே வந்துவிடுகிறார், பாதிரியாராக, வைத்தியராக, பொறியியலாளராக. வேலை வாங்குகிறவராக இங்கேயும் இல்லை. கொடுப்பவராகத்தான் இருக்கிறார்.

ஆக, கட்டடத்தின் கணக்குப் புத்தகம் இப்படி: புறத்தே, குடியேற்ற நாடுகள் பிரான்சுக்குக் கொடுத்தவை. அகத்தே, பிரான்ஸ் அவர்களுக்குக் கொடுத்தவை. அங்கிருந்து வருவது சரக்கு, இங்கிருந்து போவது விழுமியம். பார்க்கிறவன் இரண்டையும் பார்த்து, சமமான கொடுக்கல் வாங்கல் என்று திருப்தியோடு வெளியே வர வேண்டும். அதுதான் கட்டடத்தின் வாதம்.

ஆனால் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். அரிசியும் இறப்பரும் பருத்தியும் மெய்யாகவே கப்பலில் ஏறின. நிறை இருக்கிறது, விலை இருக்கிறது, இறங்கிய துறைமுகத்தின் பெயர்கூட இருக்கிறது. பதிலுக்குக் கொடுத்ததாகச் சொல்கிற நீதியும் சுதந்திரமும் எங்கே இறங்கின? 1930இல் வியட்நாமின் யென் பாய் எழுச்சிக்காரர்களுக்குக் கிடைத்தது தலைவெட்டும் பொறி. மொரோக்கோவின் ரீஃப் மலைகளில் சுதந்திரம் கேட்ட அப்துல் கரீம் 1926இல் சரணடைந்து, ரீயூனியன் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, கண்காட்சி நடந்த காலத்திலும் அங்கேதான் இருந்தார். குடியேற்ற நாடுகளில் கட்டாய உழைப்பை ஒழிக்கிற சட்டமே 1946இல்தான் வந்தது. வெளிச்சுவர் பொருட் பெயரோடு எழுதிய பற்றுச்சீட்டு. உள்சுவர் யாரும் காசாக்க முடியாத காசோலை. இதுதான் நான் முதலில் சொன்ன மூன்றாவது கதை. இதை எழுதியது எதிரிகள் அல்லர். கட்டியவர்களே தங்கள் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வரவேற்பு அறைகள்

கட்டடத்தின் மிக நுட்பமான பகுதி மண்டபத்தில் இல்லை. முன்பக்கத்து இரண்டு மூலைகளிலும் நீள்வட்டக் கூடமாக இரண்டு அறைகள் உண்டு. ஒன்று லியோத்தேக்கு, மற்றது குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த போல் ரெய்னோவுக்கு. விருந்தினரை வரவேற்கிற அறைகள். தளபாடங்கள் அந்தக் காலத்தின் சிறந்த வடிவமைப்பாளர்களான பிரின்ஸ், ரூல்மான் ஆகியோருடையவை. லியோத்தேயின் அறை ஆசியாவுக்கு: அந்த்ரே லெமெத்ரும் அவருடைய மனைவி இவானாவும் வரைந்த ஓவியங்களில் கிருஷ்ணனும் புத்தரும் கொன்பியூசியஸும் வருகிறார்கள். ரெய்னோவின் அறை ஆபிரிக்காவுக்கு: லூயி பூக்கேயின் ஓவியம், ஆபிரிக்காவும் அரபுலகமும் அறிவுக்கும் கலைக்கும் தந்தவற்றைப் பற்றியது.

அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஆசியாவிலிருந்து வந்தது அரிசி மட்டுமல்ல, அரபுலகத்திலிருந்து வந்தது உடலுழைப்பு மட்டுமல்ல என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். தெரிந்த விஷயத்தை எங்கே வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. தெருவில் போகிற இலட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற சுவரில் ஆசியாக்காரன் சுமை தூக்குகிறான். அமைச்சரும் மார்ஷலும் விருந்தினரோடு இருக்கிற அறையில் அவன் ஞானியாகிறான். நமது அறிவைப் பற்றிய உண்மை, உயர்ந்தோர் தனியே இரசிக்கிற ஆபரணமாகிவிட்டது. மேற்குலகின் கீழைத்தேய ஆய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்துப் புரிந்துகொள்வதை இந்த அறைகளின் அமைவிடம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

பெயர் மாறிய வீடு

கண்காட்சி நடந்தபோதே எதிர்ப்பு இருந்தது. பிரெட்டன், எலுவார், அரகோன் முதலான சர்ரியலிஸ்டுகள் கண்காட்சிக்குப் போக வேண்டாம் என்று துண்டுப் பிரசுரம் வெளியிட்டார்கள். அந்த செப்டெம்பரில் கொம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து குடியேற்ற நாடுகளைப் பற்றிய உண்மை என்ற பெயரில் ஓர் எதிர்க் கண்காட்சியும் நடத்தினார்கள். அதற்கு வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். 80 இலட்சத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

பிறகு சாம்ராச்சியம் கரைந்தது, கட்டடம் நின்றது, பெயர் மாறிக்கொண்டே வந்தது. முதலில் குடியேற்ற நாட்டு நூதனசாலை. 1935இல் கடல்கடந்த பிரான்சின் நூதனசாலை. ஆபிரிக்க நாடுகள் சுதந்திரமடைந்த 1960ஐ ஒட்டி, கலாசார அமைச்சர் மல்ரோவின் காலத்தில், ஆபிரிக்க, ஓசியானியக் கலைகளின் நூதனசாலை. வெற்றிப் பொருளாக வந்தது இரவோடிரவாகக் கலைப்பொருளானது. 2003இல் அது மூடப்பட்டு, சேகரிப்புகள் 2006இல் திறந்த புதிய கே பிரான்லி நூதனசாலைக்குப் போயின. 2007 ஒக்டோபரில் இதே கட்டடம் குடிவரவு வரலாற்று நிலையமாகத் திறந்தது. நிலக்கீழ்த் தளத்தில் 1931இலிருந்து இருக்கிற வெப்பவலய மீன்காட்சியகம் மட்டும் எந்த மாற்றத்திலும் அசையவில்லை. சிறுபிள்ளைகளோடு வருகிற குடும்பங்களுக்கு இன்றைக்கும் அதுதான் கட்டடம்.

குடிவரவு நிலையம் திறந்த விதமும் ஒரு பாடம். அந்த வருடம் அரசாங்கம் குடிவரவுக்கும் தேசிய அடையாளத்துக்குமென்று ஓர் அமைச்சை உருவாக்கியதை எதிர்த்து, நிலையத்தோடு வேலை செய்த வரலாற்றாசிரியர்கள் எட்டுப் பேர் பதவி விலகினார்கள். ஜனாதிபதி திறப்பு விழாவுக்கு வரவில்லை. ஜனாதிபதி ஒருவர் வந்து உத்தியோகபூர்வமாகத் திறந்து வைத்தது 2014 டிசம்பரில். இடையில் 2010இல், வதிவிட அனுமதியில்லாத தொழிலாளர்கள் தங்களுக்குப் பத்திரம் கேட்டு இந்த மாளிகைக்குள் புகுந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆபிரிக்கர். வெளிச்சுவரில் பெயரில்லாமல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உள்மண்டபத்துக்குள் வந்து, சுவரில் வரைந்திருந்த நீதியைக் கேட்டார்கள் என்று சொன்னால் அது மிகைப்படுத்தல் ஆகாது. இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த விமரிசனம் அதுதான் என்பேன்.

அழகை என்ன செய்வது?

கைலாசபதி, சிவத்தம்பி காலத்திலிருந்து நாம் கேட்டு வளர்ந்த விவாதம் ஒன்று உண்டு: கலையைக் கலையாகப் பார்ப்பதா, அது யாருக்குச் சேவகம் செய்கிறது என்று பார்ப்பதா? போர்ட் டோரே மாளிகையின் முன்னால் நிற்கிறபோது அந்த விவாதம் உடனே உயிர்பெறுகிறது.

ஒரு தரப்பினர் சொல்வார்கள்: பழசையெல்லாம் கிளற வேண்டாம், ஜனியோவின் கைத்திறனைப் பாருங்கள், 1987இலிருந்து பாதுகாக்கப்பட்ட சின்னம், அந்தக் காலத்து அலங்காரக் கலையின் சிகரம். கைத்திறனில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இங்கே அழகு தனியாக நிற்கவில்லை. இறப்பர் வெட்டுகிறவன் நடனக்காரன் போலத் தெரிவதனால்தான் கங்காணி இல்லாதது நமக்கு உறைப்பதில்லை. பொய்யைச் சுமப்பதே அழகுதான். அழகை மட்டும் பார்க்கிறேன் என்பவர் கட்டடம் கேட்டுக்கொண்டபடியே பார்க்கிறார்.

மற்றத் தரப்பினர் சொல்வார்கள்: மூடு, இடி, செதுக்கி எடு. நம் சமூகத்து இளைஞர்களிடம் இந்தக் குரல் இப்போது கூடுதலாகக் கேட்கிறது. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் இடித்துவிட்டால் யாருக்கு இலாபம்? வந்த சரக்கின் பட்டியலை, போன துறைமுகத்தின் பெயரை, சிலுவைப் போரில் தொடங்குகிற வம்சாவளியைத் தங்கள் செலவில் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடன்பட்டவன் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டைக் கிழிப்பது கடன் கொடுத்தவனின் வேலையல்ல.

ஆகவே சுவர் இருக்க வேண்டும். ஆனால் தனியாக இருக்கக் கூடாது. என் முறைப்பாடு இதில்தான். 2023இல் புதுப்பித்துத் திறந்த நிரந்தரக் காட்சி குடியேற்றவாதத்தையும் அடிமை வியாபாரத்தையும் குடிவரவு வரலாற்றோடு சேர்த்தே சொல்ல முயல்கிறது. நல்ல முயற்சி, ஆனால் அது உள்ளே, சீட்டெடுத்துப் போகிறவர்களுக்கு. வெளிச்சுவரோ வீதியில், இலவசமாக, இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கிறது. 1931இல் உண்மையை வரவேற்பறைக்குள் வைத்த அதே பழக்கம் வேறு உருவத்தில் தொடர்கிறது. பதிலும் சுவருக்கு அருகில், தெருவில் நிற்க வேண்டும்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. பாரிஸின் லா ஷப்பல் பக்கம் போனால் நம் நாட்டிலிருந்து போன தமிழ் பேசும் சனத்தின் கடைகள் தெருத் தெருவாக இருக்கின்றன. யுத்தம் துரத்தியவர்களும் உழைக்கப் போனவர்களுமாக, அவர்களின் பிள்ளைகள் இப்போது பிரெஞ்சில் படிக்கிறார்கள். தம்பியின் மகள் காலையில் பாடசாலை வாசலில் முக்காட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுதந்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவள். அந்தச் சுவரை எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்கு மொழி இருக்கிறது, எனக்கு இல்லை. எதிர்த்து வாசிக்கிற முறை என்னிடம் இருக்கிறது. அதை நான் ஒரு சோழக் கல்வெட்டிலிருந்து கற்றேன். இரண்டும் சேர வேண்டும். பிரான்சில், ஜேர்மனியில், பிரித்தானியாவில் இருக்கிற நம் பிள்ளைகள் தாங்கள் வாழ்கிற நகரங்களின் இப்படியான கட்டடங்களைப் பார்த்து எழுதினால், தமிழில் முடியாவிட்டால் அந்தந்த மொழியில் எழுதினாலும், இங்கே இருக்கிற நாம் அதை மொழிபெயர்த்துப் போடலாம். நமது சஞ்சிகைகள் அதற்குப் பக்கம் ஒதுக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் மெய்க்கீர்த்தி கற்பிக்கிறபோது இந்த மாளிகையின் படங்களை என் உயர்தர மாணவர்களுக்கு முன்னால் வைக்கப் போகிறேன். முதல் கேள்வி என்னுடையதாக இருக்காது. இதில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற அந்தப் பிள்ளையின் கேள்விதான்.